ஸிஃப்ரால் பெருக்கினால் என்ன மிஞ்சும்? ஒரு விதியின் வரலாறு

எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் விடை பூஜ்யமே. தொடக்கப் பள்ளியிலேயே நம் பிள்ளைகள் மனனம் செய்துவிடுகின்ற விதி இது. அலிஃப், பே ஓதிப் பழகிய சில ஆண்டுகளில் இதுவும் அவர்களின் நாவில் ஏறிவிடுகிறது. ஆயினும் உயர்வகுப்புக்குச் சென்று அல்ஜீப்ரா எனும் பாடத்தைத் தொடும்போது, இதே எளிய விதிதான் அவர்களில் பலரை இடறச் செய்கிறது. "பூஜ்யத்தால் பெருக்கலாம், வகுக்கக் கூடாது என்கிறார்களே, அது ஏன்?" என்று பிள்ளை கேட்டால், "அது அப்படித்தான், மனனம் செய்" என்பதே பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில்.

இவ்விதி முதன்முதலில் தெளிவாக எழுத்தில் வடிக்கப்பட்டது கி.பி. 628-ஆம் ஆண்டில். அல்ஜீப்ராவுக்குள் அது தன் முழு உரிமையோடு குடியேறியது 17-ஆம் நூற்றாண்டில். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் பெரும் அறிஞர்கள் பலர் இதனோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கே கடினமாயிருந்த ஒன்று நம் பிள்ளைகளுக்குக் கடினமாயிருப்பதில் வியப்பில்லை. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஸிஃப்ர் என்னும் சொல்

அரபு மொழியில் 'ஸிஃப்ர்' என்றால் வெறுமையானது, ஒன்றுமில்லாதது என்று பொருள். கணக்கு வழக்கில் இச்சொல் நுழைவதற்கு முன்பே அது அரபியரின் அன்றாடப் பேச்சில் இருந்தது. இறைவனை நோக்கி ஏந்திய கைகளை வெறுமையாகத் திருப்பி அனுப்ப அவன் வெட்கப்படுகிறான் என்ற கருத்திலமைந்த நபிமொழி நாம் அனைவரும் அறிந்ததே. அங்கே 'வெறுமையாக' என்பதற்கு வந்துள்ள சொல் இதே ஸிஃப்ர்தான்.

வடமொழியில் 'சூன்யம்' என்றால் வெறுமை. இந்தியக் கணக்குமுறை பக்தாதுக்குச் சென்றபோது, அரபு அறிஞர்கள் சூன்யத்தின் பொருளைப் பெயர்த்து ஸிஃப்ர் என்றார்கள். இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்தோ, அல்ஜீரியக் கடற்கரையிலுள்ள பிஜாயா நகரில் இளமையில் இக்கணக்கைக் கற்று, 1202-இல் தாம் எழுதிய நூலில் அச்சொல்லை லத்தீன் வடிவில் 'ஸெஃபிரும்' என்று எழுதினார். அதுவே தேய்ந்து இன்றைய 'ஸீரோ' ஆயிற்று.

நம் இல்லங்களில் இருக்கும் முஸ்ஹஃபைத் திறந்து பத்தாவது வசனத்தின் எண்ணைப் பாருங்கள். ஒன்று எனும் கோட்டின் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியே ஸிஃப்ர். நாம் பூஜ்யமென எண்ணும் வட்ட வடிவம் அங்கே ஐந்தைக் குறிக்கும். ஓதப் பழகும் பிள்ளைகள் இவ்விடத்தில் குழம்புவதைப் பெற்றோர் பலரும் கவனித்திருப்பார்கள்.

ஹிந்திலிருந்து பக்தாதுக்கு

"பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே" என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. இது சரியான கூற்றன்று. அன்றைய முஸ்லிம் அறிஞர்களே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

இராஜஸ்தானத்தில் இன்று பின்மால் என வழங்கும் ஊரைச் சேர்ந்தவர் பிரம்மகுப்தர். 598-இல் பிறந்த அவர், தம் முப்பதாம் வயதில், 628-இல், 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' எனும் வானியல் நூலை எழுதி முடித்தார். நம் வரலாற்றில் அது ஹுதைபிய்யா உடன்படிக்கை நிகழ்ந்த ஆண்டு. அந்நூலின் 18-ஆம் அத்தியாயத்தில் அவர் பூஜ்யத்தை ஓர் எண்ணாகவே நடத்தி, அதற்குரிய விதிகளை வகுத்தார். இருப்பைச் செல்வம் என்றும், இல்லாமைக்கும் கீழான எண்ணைக் கடன் என்றும் உருவகித்து, செல்வத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம், கடனைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யமே என்று உரைத்தார். நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் இவ்விதியை இவ்வளவு தெளிவாகக் கூறும் மிகப் பழைய நூல் அதுவே.

அப்பாஸிய கலீஃபா அல்-மன்சூர் காலத்தில், 770-களில், இந்திய வானியல் நூலொன்று பக்தாதை அடைந்தது. அதனை அரபியில் பெயர்க்குமாறு கலீஃபா பணிக்க, அல்-ஃபஸாரி முதலானோர் அப்பணியைச் செய்தனர். 'ஸிந்துஹிந்த்' என்று அரபியர் அழைத்த அம்மரபு பிரம்மகுப்தரின் வழி வந்ததாகும்.

அடுத்த தலைமுறையில் வந்தவர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. கலீஃபா அல்-மாமூனின் ஆட்சியில் (813–833) பக்தாதின் பைத்துல் ஹிக்மாவோடு தொடர்புகொண்டு பணியாற்றிய பேரறிஞர். ஒன்பது குறிகளையும் வெற்றிடத்திற்கான ஒரு சிறு வட்டத்தையும் கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம் என்பதை அவர் தனி நூலாக விளக்கினார். அதன் அரபு மூலம் இன்று நம்மிடம் இல்லை. லத்தீன் வடிவங்களே எஞ்சியுள்ளன. அந்நூலில் தாம் விளக்குவது ஹிந்த் மக்களின் கணக்குமுறை என்பதை அவர் வெளிப்படையாகவே அறிவித்தார். அவருக்குப் பின் ஹிஜ்ரி 341-இல் (கி.பி. 952–953) திமிஷ்கில் அல்-உக்லீதிஸி எழுதிய நூலின் பெயரிலேயே 'அல்-ஹிஸாபுல் ஹிந்தீ', அதாவது இந்தியக் கணக்கு, என்பது இடம்பெற்றுள்ளது. அறிவை யாரிடமிருந்து பெற்றோமோ அவர் பெயரை மறைக்காமல் சொல்வது அமானிதம். அந்த அமானிதத்தை அவர்கள் பேணினார்கள். அவர்களைப் புகழ விரும்பும் நாமும் அதைப் பேணுவதே முறை.

இவ்விதி ஏன் தேவைப்பட்டது?

பழைய முறைகளில் எண்களை எழுதுவதற்குப் பூஜ்யம் தேவைப்படவில்லை. 786 என்ற எண்ணின் வழியாக நமக்கு அறிமுகமான அப்ஜத் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'யே' பத்து, 'காஃப்' இருபது, 'காஃப்' எனும் மற்றோர் எழுத்து நூறு. பத்துக்கும் நூறுக்கும் தனித்தனி எழுத்து இருக்கும்போது காலியிடம் என்ற பேச்சே எழாது. நம் பழந்தமிழ் எண்களிலும் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்தன.

இட மதிப்பு முறையில் நிலைமை வேறு. 305 என்று எழுதும்போது நடுவிலுள்ள பத்துகளின் இடம் காலி. அதைக் காப்பதற்கு ஸிஃப்ர் அங்கே நிற்க வேண்டும். எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு வணிகர் 305 திர்ஹம் விலையுள்ள பொருட்களில் நான்கு வாங்குகிறார் எனக் கொள்வோம். நான்கை ஐந்தால் பெருக்க 20. பூஜ்யத்தை எழுதி, 2-ஐக் கையில் வைத்துக்கொள்கிறார். அடுத்து நான்கையும் ஸிஃப்ரையும் பெருக்க வேண்டும். விடை பூஜ்யம் என்று அறிந்தவர் கையிலிருந்த 2-ஐ அங்கே எழுதுவார். பின்னர் நான்கு மூன்று 12. மொத்தம் 1220 திர்ஹம். நான்கை ஒன்றுமில்லாததால் பெருக்கினால் நான்கு அப்படியே இருக்கும் என்று எண்ணுபவரோ, 4-உடன் 2-ஐக் கூட்டி 6 என எழுதி, 1260 என்பார். 40 திர்ஹம் பிழை. யாருடைய பணமோ யாருடைய பைக்கோ போய்விடும்.

ஆக, பூஜ்யத்தால் பெருக்கும் விதி ஏட்டில் உறங்கிய தத்துவமன்று. கடைத்தெருவில் நாள்தோறும் நூறு முறை பயன்பட்ட விதி. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்திற்கு அதன் அருமை புரிந்திருக்கும்.

அல்-ஜப்ர் நூலும் விடுபட்ட ஒரு விடையும்

அல்-குவாரிஸ்மி அவர்களின் மற்றொரு நூலே 'அல்-ஜப்ர் வல் முகாபலா' பற்றிய சுருக்க நூல். அல்ஜீப்ரா எனும் பெயரே அதிலிருந்து பிறந்தது. 1145-இல் ஸ்பெயினில் ராபர்ட் ஆஃப் செஸ்டர் அதை லத்தீனில் பெயர்த்தார். 1831-இல் ஃபிரெடெரிக் ரோஸன் அரபு மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் வெளியிட்டார்.

'ஜப்ர்' என்றால் முறிந்ததைச் சேர்த்துச் சீராக்குதல். எலும்பைப் பொருத்திக் கட்டும் வைத்தியத்திற்கும் அரபியில் இதே சொல்தான். சமன்பாட்டில் ஒரு புறம் கழிக்கப்பட்டிருப்பதை மறுபுறம் கூட்டிச் சீர்செய்வது ஜப்ர். இரு புறமும் உள்ள ஒத்தவற்றை நேருக்கு நேர் நிறுத்தி நீக்குவது முகாபலா. தெரியாத எண்ணை அவர்கள் 'ஷய்' (பொருள்) அல்லது 'ஜித்ர்' (வேர்) என்றார்கள். அதைத் தன்னாலேயே பெருக்கினால் வருவது 'மால்'. செல்வம் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

அந்நூலில் குறிகள் எதுவும் இல்லை; எல்லாம் சொற்களால் எழுதப்பட்டவை. சமன்பாடுகளை அவர் ஆறு வகையாகப் பிரித்தார். மால்கள் வேர்களுக்குச் சமம், மால்கள் எண்ணுக்குச் சமம், வேர்கள் எண்ணுக்குச் சமம் என மூன்று எளிய வகைகள். மூன்றும் கலந்து வரும் மூன்று வகைகள். ஆறில் எதிலும் ஒரு புறம் பூஜ்யமாக இருப்பதில்லை.

முதல் வகைக்கு அவர் தரும் உதாரணம் இது: ஒரு மால் அதன் ஐந்து வேர்களுக்குச் சமம். விடை: வேர் 5, மால் 25. சரிபார்த்தால், 5 × 5 = 25; ஐந்து வேர்கள் என்பதும் 5 × 5 = 25. கணக்கு மிகச் சரி.

இன்று பத்தாம் வகுப்பு மாணவரிடம் இதே கணக்கைக் கொடுத்தால், அவர் இரண்டு விடைகள் எழுத வேண்டும்: 5, மற்றும் பூஜ்யம். வேர் பூஜ்யமாக இருந்தால் 0 × 0 = 0; ஐந்து வேர்கள் 5 × 0 = 0. இரு புறமும் சமமாகி, பூஜ்யமும் நிபந்தனையை நிறைவு செய்கிறது. இந்த இரண்டாவது விடையை அல்-குவாரிஸ்மி அவர்கள் குறிப்பிடவில்லை.

அறியாமை இதற்குக் காரணமாக இருக்க இயலாது. ஸிஃப்ரின் குறியை உலகுக்குக் கற்பித்தவரே அவர்தாமே! அவர் தேடியது ஒரு மாலை, ஒரு செல்வத்தை. "என்னிடம் ஒரு தொகை இருக்கிறது, அது எவ்வளவு?" என்று கேட்பவரிடம் "ஒன்றுமில்லை" என்பது பதிலாகாது. அன்றைக்கு ஸிஃப்ர் காலியிடத்தின் காவலாளி. ஒரு கேள்விக்கு விடையாகும் தகுதியை அது இன்னும் பெறவில்லை.

பாகப்பிரிவினையில் பூஜ்யம்

அல்-ஜப்ர் நூலின் முன்னுரையில் அதன் பயன்களை எடுத்துரைக்கும்போது, வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றை ஆசிரியர் குறிப்பிடுகிறார். நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. எனவே ஃபராயிள் கணக்கைக் கொண்டே நம் விதியைப் பார்ப்பது பொருத்தமானது. பின்வரும் உதாரணங்கள் அந்நூலிலுள்ளவை அல்ல. ஃபராயிள் விதிகளின்படி நாம் அமைத்துக்கொண்டவை.

ஒரு பெண்மணி மரணிக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் இல்லை. கணவர், உடன்பிறந்த சகோதரி ஒருவர், தந்தையின் உடன்பிறந்த சகோதரர் (பெரிய தந்தை) ஆகிய மூவர் உள்ளனர். கணவருக்குப் பாதி, சகோதரிக்குப் பாதி. பெரிய தந்தை 'அஸபா'. குறித்த பங்குகள் போக எஞ்சியதைப் பெறுபவர். எஞ்சியது எவ்வளவு? ஒன்றிலிருந்து இரு பாதிகள் போனால் பூஜ்யம். சொத்து 6 இலட்சமானாலும் பூஜ்யத்தால் பெருக்க அவர் பங்கு பூஜ்யம். 60 இலட்சமானாலும் பூஜ்யமே. சொத்து பெருகப் பெருக அவருக்கும் ஏதேனும் சொட்டாதா என்று உறவினர் எண்ணலாம். பெருக்கல் விதி அதற்கு இடம் தராது.

இன்னொன்று. ஒருவர் மனைவி, தாய், பிள்ளைகளை விட்டு மரணிக்கிறார். அவர் விட்டுச்சென்றது 8 இலட்சம். அடக்கச் செலவும் கடனுமாகச் சேர்ந்து அதே 8 இலட்சம். ஷரீஅத்தின்படி இவை தீர்க்கப்பட்ட பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு. எஞ்சியது பூஜ்யம். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்ற பங்கு விகிதங்களில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பூஜ்யத்தில் எட்டில் ஒன்றும் பூஜ்யம், ஆறில் ஒன்றும் பூஜ்யம்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். இந்த வாரிசுகளின் கைகளை மட்டும் பார்ப்பவர், யார் எட்டில் ஒன்றுக்கு உரியவர், யார் ஆறில் ஒன்றுக்கு உரியவர் என்று சொல்ல முடியுமா? முடியாது. எல்லாக் கைகளும் ஒன்றுபோல் வெறுமையாக இருக்கின்றன. பூஜ்யத்தால் பெருக்கும்போது எண்களுக்கிடையேயான வேறுபாடு முழுவதும் அழிந்துபோகிறது. அழிந்ததை விடையிலிருந்து மீட்டெடுக்க வழியில்லை. பூஜ்யத்தால் வகுக்க இயலாமைக்குக் காரணமும் இதுவே. வகுத்தல் என்பது பெருக்கலை வந்த வழியே திருப்பி நடத்துவது. 2 × 0 = 0; 3 × 0 = 0. ஆகவே 2 × 0 = 3 × 0 என்பது உண்மை. இரு புறமும் உள்ள பூஜ்யத்தை வகுத்து நீக்கிவிட்டால் 2 = 3 என்ற அபத்தத்தில் போய் நிற்போம். வந்த வழி மூடப்பட்டுவிட்டது; திரும்பிச் செல்ல முயல்பவர் வழிதவறுகிறார்.

அறிஞர்கள் தடுமாறிய இடம்

பெருக்கலில் தெளிவாயிருந்த முன்னோர், வகுத்தலில் ஒரே கருத்தில் இருக்கவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார் பிரம்மகுப்தர். அல்-குவாரிஸ்மியின் காலத்தவரான மகாவீரர், கன்னட நாட்டில் இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் ஆதரவில் 850-ஐ ஒட்டி எழுதிய நூலில், ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அந்த எண் மாறாமல் இருக்கும் என்றார். 1150-இல் பாஸ்கரர், அப்படி வகுத்தால் வருவது முடிவிலி என்றார். மூவரும் மாபெரும் அறிஞர்கள். ஆயினும் இந்த மூன்று விடைகளையும் இன்றைய கணிதம் ஏற்பதில்லை.

பாஸ்கரர் தம் 'லீலாவதி'யில் ஒரு நுட்பமான எச்சரிக்கையும் தருகிறார். ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினால் விடை பூஜ்யம்தான். ஆனால் கணக்கு அத்துடன் முடியாமல் மேலும் தொடருமானால், உடனே பூஜ்யம் என எழுதிவிடாமல், 'பூஜ்யத்தால் பெருக்கப்பட்ட இன்ன எண்' என்றே வைத்திருக்க வேண்டும் என்கிறார். பிறகு பூஜ்யம் வகுக்கும் எண்ணாக வந்தால் பழைய எண் மாறாமல் மீளும் என்பது அவர் கருத்து. அவர் காட்டிய தீர்வு இன்று ஏற்கப்படுவதில்லை. என்றாலும், பூஜ்யத்தால் பெருக்கும் கணத்தில் ஏதோ ஒன்று நிரந்தரமாக இழக்கப்படுகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே லீலாவதியை அக்பரின் ஆணைப்படி 1587-இல் ஃபைஸி பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். பாஸ்கரரின் 'பீஜகணித'மும் ஷாஜஹான் காலத்தில் அதாவுல்லாஹ் ருஷ்தியால் பாரசீகம் ஆயிற்று. எட்டாம் நூற்றாண்டில் ஹிந்திலிருந்து பக்தாதுக்குச் சென்ற உறவு, மீண்டும் ஹிந்து மண்ணிலேயே இவ்வாறு தொடர்ந்தது.

காலி இடத்திற்கு மதிப்பளித்த இளைஞர்

அல்ஜீப்ராவுக்குள் பூஜ்யம் அடியெடுத்து வைத்த வரலாற்றில் மறக்கக் கூடாதவர் அஸ்-ஸமவ்அல் இப்னு யஹ்யா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில், மக்ரிபிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்து, 1163-இல் இஸ்லாத்தைத் தழுவிய மருத்துவர், கணித மேதை. 'அல்-பாஹிர்' எனும் அல்ஜீப்ரா நூலை அவர் எழுதியது தம் 19-ஆம் வயதில்.

ஷய், மால், அதற்கு மேற்பட்ட அடுக்குகள் என வரும் கோவைகளை அவர் அட்டவணையாக எழுதினார். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கட்டம். எந்த அடுக்கு அங்கே இல்லையோ அந்தக் கட்டத்தில் ஸிஃப்ர். எண்களை எழுத உதவிய இட மதிப்பு முறையை அல்ஜீப்ராவுக்கும் விரித்துவிட்டார். மூன்றாம் அடுக்கு ஒன்று, மால் இல்லை, ஷய் ஐந்து, எண் இரண்டு எனும் கோவை அங்கே 1, 0, 5, 2 என்று நிற்கும். அதை நான்கால் பெருக்கினால் 4, 0, 20, 8. மாலின் இடம் பூஜ்யமாகவே தங்கி, மற்றவற்றை அவற்றின் இடத்தில் நிறுத்திவைக்கிறது. 'மால் இல்லை' என்று சொல்லிவந்த இடத்தில் 'மால் பூஜ்யம் முறை' என்று எழுதும் வழி இதனால் பிறந்தது. வெற்றிடத்திலிருந்து ஒரு மிகை எண்ணைக் கழித்தால் அதே அளவு குறை எண் மிஞ்சும் என்பது போன்ற விதிகளையும் அவர் துணிவோடு எழுதிவைத்தார்.

ஆயிரம் ஆண்டு கழித்து

பூஜ்யத்தைச் சமன்பாட்டின் ஒரு புறத்தில் தனியே அமர்த்தும் வழக்கம் ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் 1621-இல் மறைந்தார். அவர் எழுதிவைத்தவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட நூல் 1631-இல் வெளியாயிற்று. 1637-இல் பிரான்சின் தெகார்த் தம் வடிவியல் நூலை வெளியிட்டார். சமன்பாட்டை, பூஜ்யத்திற்குச் சமமான ஒரு பெருக்கற்பலனாகக் காணும் பார்வை இவர்களால் நிலைபெற்றது.

அல்-குவாரிஸ்மியின் அதே கணக்கை இப்போது இம்முறையில் எழுதுவோம். மாலிலிருந்து ஐந்து வேர்களைக் கழித்தால் பூஜ்யம். அதாவது, ஷய் × (ஷய் − 5) = 0. இரண்டு எண்களைப் பெருக்கி விடை பூஜ்யமானால், அவற்றில் ஒன்றேனும் பூஜ்யமாக இருந்தே தீர வேண்டும். ஆகவே ஷய் பூஜ்யம். அல்லது ஷய் 5. விடுபட்டிருந்த விடை தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது. பிரம்மகுப்தர் சொன்னது: பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். இவர்கள் பயன்படுத்தியது அதன் மறுபக்கம்: பெருக்கற்பலன் பூஜ்யமானால் உள்ளே எங்கோ பூஜ்யம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் தேர்வில் மதிப்பெண் இழப்பதும் சரியாக இந்த இடத்தில்தான். இரு புறமும் ஷய் இருப்பதைக் கண்டவுடன் அதனால் வகுத்துவிட்டு, 5 என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். ஷய் பூஜ்யமாக இருக்கக்கூடும் என்பதையும், பூஜ்யத்தால் வகுக்கலாகாது என்பதையும் எண்ணாமல் வகுத்ததால் ஒரு விடை கைநழுவுகிறது.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்?

சிறிய பிள்ளைகளுக்கு ஏணி இறங்குவது போலக் காட்டலாம். 5 × 3 = 15; 5 × 2 = 10; 5 × 1 = 5. ஒவ்வொரு படியிலும் ஐந்து குறைகிறது. அடுத்த படி 5 × 0. ஐந்திலிருந்து ஐந்து குறைந்தால் பூஜ்யம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு முகாபலாவைக் கொண்டே நிறுவலாம். பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டினால் பூஜ்யமே. எனவே 7 × 0 என்பதும் 7 × (0 + 0) என்பதும் ஒன்றே. பின்னதை விரித்தால் 7 × 0 + 7 × 0. ஆகவே 7 × 0 + 7 × 0 = 7 × 0. இப்போது இரு புறமும் உள்ள ஒத்ததை, அதாவது ஒரு 7 × 0-வை, நீக்கிவிடுங்கள். இடப்புறம் எஞ்சுவது 7 × 0. வலப்புறம் எஞ்சுவது 0. ஏழுக்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் இதே முடிவுதான். இவ்வளவே நிறுவல். அல்-குவாரிஸ்மி அவர்கள் தம் நூலின் பெயரிலேயே பொறித்துவைத்த முகாபலா இதற்குப் போதுமானதாக இருக்கிறது.

இப்படிச் சொல்லித் தருவதால் இரண்டு நன்மைகள் உண்டு. காரணம் கேட்ட பிள்ளையின் வாயை அடைக்காமல், கேட்பது நல்லது என்ற எண்ணத்தை அதன் உள்ளத்தில் ஊன்றுகிறோம். கணக்கு என்பது வேறு யாருடையதோ என்று அஞ்சி ஒதுங்கும் பிள்ளைக்கு, பின்மாலும் பக்தாதும் திமிஷ்கும் பீசாவும் கைமாற்றிக் கைமாற்றி நமக்குத் தந்த செல்வம் அது என்பதையும் உணர்த்துகிறோம். பெற்ற செல்வத்தின் மூலவர்களை நன்றியோடு சொல்லிக்கொடுப்போம். பெறாததைப் பெற்றதாகச் சொல்லிப் பெருமை தேட வேண்டாம். நம் முன்னோரின் உண்மையான பணி மறைப்போ மிகையோ இன்றிச் சொல்லத்தக்க அளவு பெரியது.

பிறர் பங்கை ஒரு தானியமும் குறையாமல் அளந்து கொடுப்பதற்காகக் கணக்கைக் கற்றார்கள் அவர்கள். நம் பிள்ளைகளும் அந்த நோக்கத்தோடு கற்க வல்ல நாயன் அருள்புரிவானாக. வல்லாஹு அஃலம்.